டேட்டாபேஸ் கனெக்‌ஷனை பத்திரமா செட் பண்றது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வர் அப்ளிகேஷன் எழுதறவங்க என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்கற கேள்விங்களை ஒரே எடத்துல போட்டு வச்சிருக்கேன். உதாரணமெல்லாம் பெரும்பாலும் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் ரெண்டுல இருந்துதான் வரும், ஏன்னா நான் தினம் கட்டி அழறது அதுங்களோடதான். வேற டேட்டாபேஸ் வச்சிருக்கறவங்களுக்கும் விஷயம் ஒண்ணுதான், செட்டிங் பேர் மட்டும் மாறும்.

படிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். பாஸ்வேர்டு என்னைக்காவது ஒரு நாள் வெளிய போயிடும்னு வச்சுக்கிட்டுதான் நான் எல்லாத்தையும் செட் பண்றேன். அது போகாம பாத்துக்கறது ஒரு வேலை, போயிட்டா அதை எடுத்தவன் என்னென்ன பண்ண முடியும்னு முன்னாடியே குறைச்சு வைக்கறது இன்னொரு வேலை. நிறைய பேர் மொத வேலையோட நின்னுடறாங்க.

கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்ல எது ரகசியம், எது இல்ல?

போஸ்ட்கிரெஸ்கியூஎல்://யூசர்:பாஸ்வேர்டு@ஹோஸ்ட்:5432/டேட்டாபேஸ், இப்படி ஒரே வரியில அஞ்சாறு விஷயம் இருக்கும். இதுல நிஜமான ரகசியம் பாஸ்வேர்டு மட்டும்தான். ஆனா எல்லாம் ஒரே வரியா ஒட்டிக்கிட்டு இருக்கறதால, ஹோஸ்ட் பேரை லாக்ல பாக்கணும்னு யாராவது அந்த வரிய பிரிண்ட் பண்ணினா பாஸ்வேர்டும் சேர்ந்து போயிடும். அதனால முடிஞ்சா தனித்தனியா வச்சுக்கங்க, ஹோஸ்ட், போர்ட், யூசர், டேட்டாபேஸ் பேரு எல்லாம் சாதாரண கான்ஃபிக்ல, பாஸ்வேர்டு மட்டும் தனி எடத்துல. சில ஃப்ரேம்வொர்க் முழு வரியத்தான் கேக்கும், அப்போ அப்ளிகேஷன் ஸ்டார்ட் ஆகும்போது நீங்களே சேர்த்துக் குடுங்க.

பாஸ்வேர்டை கோடுக்குள்ளயே எழுதிட்டேன். ப்ரைவேட் ரெப்போ தானே, யார் பாக்கப் போறா?

ரெப்போவ க்ளோன் பண்ணின ஒவ்வொரு லேப்டாப்லயும் இப்போ உங்க ப்ரொடக்‌ஷன் பாஸ்வேர்டு இருக்கு. பில்டு சர்வர்ல இருக்கு, டாக்கர் இமேஜ் லேயர்ல இருக்கு, ரெண்டு வருஷம் முன்னாடி வேலைய விட்டுப் போனவரோட மெஷின்லயும் இருக்கு. அதுக்கும் மேல ஒரு தொல்லை என்னன்னா கோடுக்குள்ள இருக்கற பாஸ்வேர்டை மாத்தணும்னா புதுசா டிப்ளாய் பண்ணணும், அதனாலேயே யாரும் மாத்தவே மாட்டாங்க.

தெரியாம கமிட் பண்ணிட்டேன், அடுத்த கமிட்ல அழிச்சிட்டேன். போதுமா?

போதாது. கிட்ல பழைய கமிட் அப்படியே இருக்கும், ஹிஸ்டரிய பாக்கத் தெரிஞ்ச யாரும் ஒரு நிமிஷத்துல எடுத்துடுவாங்க. கிட்இக்னோர் ஃபைல்ல பேரை சேர்த்தாலும், ஏற்கனவே ட்ராக் ஆயிக்கிட்டு இருக்கற ஃபைலுக்கு அது ஒண்ணுமே பண்ணாது, இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல.

மொத வேலை பாஸ்வேர்டை மாத்தறது. ஹிஸ்டரிய கழுவறதெல்லாம் அப்புறம். நான் பாத்தவரைக்கும் எல்லாரும் தலைகீழாத்தான் பண்றாங்க, அரை நாள் உக்காந்து ஹிஸ்டரிய திருத்தி எழுதி, எல்லாரையும் மறுபடி க்ளோன் பண்ணச் சொல்லி, பெருமூச்சு விட்டுட்டு பாஸ்வேர்டை பழசாவே விட்டுடுவாங்க. பப்ளிக் ரெப்போவா இருந்தா அதுக்குள்ள எதாவது பாட் எடுத்துட்டுப் போயிருக்கும், இதையே தேடிக்கிட்டு ஓடற பாட்டுங்க நிறைய இருக்கு. இனிமே நடக்காம இருக்க, கமிட்டுக்கு முன்னாடி ரகசியம் மாதிரி இருக்கற வரிய பிடிக்கற ஸ்கேனர் ஒண்ணை ஹுக்ல மாட்டி விடுங்க, கிட்லீக்ஸ் மாதிரி இலவசமாவே கெடைக்குது.

அப்போ என்விரான்மென்ட் வேரியபிள்ல வச்சா முழுசா சேஃப் தானே?

கோடுல வைக்கறதை விட நூறு மடங்கு பரவால்ல. முழுசா சேஃப்னு சொல்ல மாட்டேன்.

லினக்ஸ்ல ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ப்ராக் ஃபோல்டருக்குள்ள அதோட என்விரான்மென்ட் அப்படியே ஒரு ஃபைலா தெரியும், அதே யூசர்ல ஓடற எதுவும் படிக்கலாம், ரூட்டும் படிக்கலாம். உங்க அப்ளிகேஷன் வேற எதாவது ப்ரோக்ராமை கூப்பிட்டா, படத்தை ரீசைஸ் பண்றதுக்கோ பிடிஎஃப் எடுக்கறதுக்கோ, அந்தக் குட்டி ப்ராசஸுக்கும் பாஸ்வேர்டு பரம்பரை சொத்து மாதிரி போய்ச் சேரும். டாக்கர் கன்டெய்னரா இருந்தா இன்ஸ்பெக்ட் கமாண்ட் போட்டா எல்லா வேரியபிளும் பளிச்சுன்னு தெரியும். எரர் பிடிக்கற சர்வீஸ் சிலது க்ராஷ் ஆகும்போது என்விரான்மென்ட்டையே அள்ளிக்கிட்டுப் போய் அவங்க சர்வர்ல போட்டுடும்.

இதை விட மோசம் கமாண்ட் லைன்ல பாஸ்வேர்டு குடுக்கறது. சாதாரணமா அந்த மெஷின்ல லாகின் இருக்கற எல்லாருக்கும் ப்ராசஸ் லிஸ்ட்ல அது தெரியும், அதோட ஷெல் ஹிஸ்டரியிலயும் உக்காந்துக்கும்.

என்னோட வரிசை இது: லேப்டாப்ல டெவலப் பண்ண டாட் என்வ் ஃபைல் (.env, வேரியபிளை வரிவரியா எழுதி வைக்கற ஃபைல்). ஒத்த சர்வர்னா அப்ளிகேஷன் யூசர் மட்டும் படிக்கற மாதிரி 600 பர்மிஷன் போட்ட ஃபைல், இல்ல சிஸ்டம்டி 247ல இருந்து வந்த லோட் கிரெடென்ஷியல் வசதி. நாலஞ்சு சர்வருக்கு மேல போயிட்டா வால்ட் மாதிரியோ, க்ளவுட்காரங்க குடுக்கற சீக்ரெட் மேனேஜர் மாதிரியோ எதாவது ஒண்ணு. குபர்நெட்டிஸ் சீக்ரெட்டை நம்பிக்கிட்டு இருக்கறவங்க ஒண்ணு பாத்துக்கங்க, அது வெறும் பேஸ்64, நீங்களா ஆன் பண்ணாத வரைக்கும் உள்ள என்க்ரிப்ட் ஆகாமத்தான் கெடக்கும்.

டாட் என்வ் ஃபைல் பத்தி இன்னொண்ணு. அது வெப் சர்வர் காட்டற ஃபோல்டருக்குள்ள இருக்கவே கூடாது. புதுசா ஒரு சர்வர் ஏத்தி ஆக்சஸ் லாகை திறந்து பாருங்க, யாருக்கும் அட்ரஸ் சொல்லாத முன்னாடியே டாட் என்வ் இருக்கான்னு கதவைத் தட்டிட்டுப் போயிருப்பானுங்க.

பாஸ்வேர்டு கரெக்ட்டுதான், ஆனா கனெக்ட் ஆகவே மாட்டேங்குது. ஹோஸ்ட் பேரு தப்புன்னு சொல்லுது.

பாஸ்வேர்டுக்குள்ள @ இருக்கா பாருங்க. ஸ்ட்ரிங் வடிவத்துல குடுக்கும்போது @ வந்தா அதுக்கப்புறம் இருக்கறது ஹோஸ்ட்னு சில டிரைவர் நினைச்சுக்கும். @ இருந்தா %40, # இருந்தா %23, % இருந்தா %25 அப்படின்னு மாத்திக் குடுக்கணும். இந்தத் தலைவலி வேணாம்னுதான் நான் சின்ன எழுத்து, பெரிய எழுத்து, நம்பர் மட்டும் வச்சு 32 எழுத்துக்கு ஜெனரேட் பண்ணிக்கறேன், யாரும் கையால டைப் பண்ணப் போறதில்ல, நீளம் இருந்தா போதும், சிறப்பு எழுத்து வேணும்னு அவசியமில்ல.

சூப்பர் யூசர்லயே அப்ளிகேஷனை ஓட்டினா என்ன ஆகும்? எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதே.

வேலை செய்யும், அதுதான் பிரச்சனையே. மேல சொன்னேனே, பாஸ்வேர்டு போயிட்டா என்ன ஆகும்னு, அதுக்கு பதில் இந்தக் கேள்வியிலதான் இருக்கு.

போஸ்ட்கிரெஸ்ல சூப்பர் யூசரா உள்ள வந்தவன் டேபிளை மட்டும் படிக்க மாட்டான், காப்பி கமாண்டை வச்சு அந்த சர்வர்லயே ப்ரோக்ராம் ஓட்டலாம். மைஎஸ்கியூஎல்ல ஃபைல் உரிமை இருந்தா, செட்டிங் தடுக்காத எடத்துல இருக்கற ஃபைலை படிக்கலாம், எழுதலாம். டேட்டாபேஸ்ல நுழைஞ்சவன் மெஷினுக்குள்ளயும் நுழையறான்னு அர்த்தம்.

நான் எப்பவும் மூணு யூசர் போடுவேன். ஒண்ணு மைக்ரேஷனுக்கு (டேபிள் அமைப்பை மாத்தற ஸ்க்ரிப்டுங்களுக்கு), டேபிளுக்கெல்லாம் ஓனர் இதுதான், டிப்ளாய் பண்ணும்போது மட்டும் வரும் போகும். ரெண்டாவது அப்ளிகேஷனுக்கு, செலக்ட் இன்சர்ட் அப்டேட் டெலீட் நாலு மட்டும், தேவையில்லாத டேபிள்ல டெலீட் கூட குடுக்க மாட்டேன், உதாரணத்துக்கு ஆடிட் லாக் டேபிள்ல இன்சர்ட் மட்டும் போதும். மூணாவது ரிப்போர்ட் எடுக்கறவங்களுக்கு, வெறும் செலக்ட்.

இதை மொத தடவை போஸ்ட்கிரெஸ்ல பண்றவங்க ரெண்டு எடத்துல தடுக்கி விழுவாங்க. டேபிளுக்கு இன்சர்ட் குடுத்திருப்பாங்க, ஆனா ஐடி காலம் (நெடுவரிசை) சீரியல் டைப்பா இருந்தா பின்னாடி நம்பர் குடுக்கற ஒரு சீக்வென்ஸ் இருக்கும், அதுக்கு உரிமை குடுக்காததால இன்சர்ட் பண்ணினா பர்மிஷன் டினைடுன்னு வரும். ரெண்டாவது, எல்லா டேபிளுக்கும் கிராண்ட் போட்டா அது இன்னைக்கு இருக்கற டேபிளுக்கு மட்டும்தான், நாளைக்கு மைக்ரேஷன் புதுசா உருவாக்கற டேபிளுக்கு வராது. அதுக்கு ஆல்டர் டிஃபால்ட் ப்ரிவிலேஜஸ்னு ஒண்ணு இருக்கு. அதுலயும் ஒரு சூட்சுமம், எந்த யூசர் உருவாக்கற டேபிளுக்குன்னு சொல்லணும். நான் ஒரு தடவை சூப்பர் யூசரா உக்காந்து யாருக்குன்னு சொல்லாம அதை ஓட்டிட்டேன், அது சூப்பர் யூசர் உருவாக்கற டேபிளுக்குன்னு எடுத்துக்கிச்சு, மைக்ரேஷன் யூசர் போட்ட டேபிள் எதுக்கும் உரிமை வரல, டிப்ளாய் முடிஞ்ச அடுத்த நிமிஷமே புது ஸ்க்ரீன் எல்லாம் 500 எரர். அந்த நேரத்துல சட்டுன்னு எல்லாரும் பண்றது என்ன, ஆல் ப்ரிவிலேஜஸ் குடுத்துட்டு நாளைக்குப் பாத்துக்கலாம்னு போறது, அந்த நாளைக்கு வராது.

இன்னொரு சின்ன விஷயம், போஸ்ட்கிரெஸ் 14 வரைக்கும் கனெக்ட் பண்ண முடிஞ்ச யார் வேணாலும் பப்ளிக் ஸ்கீமாவுக்குள்ள டேபிள் உருவாக்கலாம், 2022ல வந்த 15ல தான் அதை எடுத்தாங்க. பழைய வெர்ஷன்ல இருந்து அப்கிரேடு ஆகி வந்த டேட்டாபேஸ்ல பழைய உரிமையே ஒட்டிக்கிட்டு இருக்கும், கையால ரிவோக் பண்ணணும்.

டிஎல்எஸ் ஆன் பண்ணியாச்சு. வேற என்ன?

ஆன் பண்ணியிருக்கீங்கன்னு எப்படித் தெரியும்? கிண்டலுக்கு கேக்கல. டிஎல்எஸ்ங்கறது லைன்ல போறதை என்க்ரிப்ட் பண்ணி, எதிர்ல இருக்கறது யாருன்னு சர்ட்டிஃபிகேட்டை வச்சு சரிபார்க்கற முறை. போஸ்ட்கிரெஸ்ல எஸ்எஸ்எல்மோட்னு (எஸ்எஸ்எல்ங்கறது டிஎல்எஸ்ஸோட பழைய பேரு) ஒரு செட்டிங் இருக்கு, ஒண்ணுமே சொல்லலன்னா அது ப்ரிஃபர்ல இருக்கும். அதுக்கு அர்த்தம், முடிஞ்சா என்க்ரிப்ட் பண்றேன், சர்வர் முடியாதுன்னா பரவால்ல சாதாரணமாவே பேசிக்கலாம். சத்தமே போடாது. மைஎஸ்கியூஎல்ல ப்ரிஃபர்டுன்னு இதே கதைதான்.

அடுத்தது ரிக்வயர். இது கட்டாயம் என்க்ரிப்ட் பண்ணும், ஆனா எதிர்ல இருக்கறது நெஜமாவே உங்க சர்வர்தானான்னு சாதாரணமா கேக்காது. நடுவுல ஒருத்தன் உக்காந்து தன்னோட சர்ட்டிஃபிகேட்டை நீட்டினா அதையும் ஏத்துக்கும், பாஸ்வேர்டும் டேட்டாவும் நல்லா பூட்டின பெட்டியில போய் திருடன் கையிலேயே எறங்கும். ரூட் சர்ட்டிஃபிகேட் ஃபைல் ஒண்ணு அதுக்கான எடத்துல இருந்துச்சுன்னா மட்டும் இது வெரிஃபை-சிஏ மாதிரி நடந்துக்கும், பழைய வெர்ஷனோட ஒத்துப் போறதுக்காக விட்டு வச்சது, அதை நம்பி உக்காராதீங்க.

வெரிஃபை-சிஏ போட்டா சர்ட்டிஃபிகேட் நம்ம நம்பற சர்ட்டிஃபிகேட் அத்தாரிட்டி (சிஏ) குடுத்ததான்னு பாக்கும், வெரிஃபை-ஃபுல் போட்டா அதோட ஹோஸ்ட் பேரும் ஒத்துப் போகுதான்னு பாக்கும். ப்ரொடக்‌ஷன்ல வெரிஃபை-ஃபுல் தவிர வேற எதையும் நான் போட மாட்டேன். க்ளவுட் டேட்டாபேஸ்ல இது ரொம்பவே முக்கியம், ஏன்னா ஒரே அத்தாரிட்டி ஆயிரக்கணக்கான பேரோட டேட்டாபேஸுக்கு சர்ட்டிஃபிகேட் குடுத்திருக்கும், அங்க சிஏ மட்டும் பாத்தா எவனோட டேட்டாபேஸும் உங்களோடதுன்னு சொல்லிக்கலாம். மைஎஸ்கியூஎல்ல இதுக்கு பேரு வெரிஃபை ஐடென்டிட்டி.

2023ல வந்த போஸ்ட்கிரெஸ் 16ல இருந்து ரூட் சர்ட்டுக்கு சிஸ்டம்னு குடுத்தா ஆபரேட்டிங் சிஸ்டத்துல இருக்கற நம்பிக்கைப் பட்டியலையே எடுத்துக்கும், அதோட வெரிஃபை-ஃபுல்லுக்கு கம்மியா எதையும் ஒத்துக்காது. எனக்குப் பிடிச்ச மாற்றம்.

செல்ஃப் சைன்டு சர்ட்டிஃபிகேட்னு எரர் வருது. ரிஜெக்ட் அன்ஆதரைஸ்டு ஃபால்ஸ்னு போட்டா சரியாயிடுச்சே?

சரியாகல, வாட்ச்மேனை தூங்கச் சொல்லிட்டீங்க. நோட் ஜேஎஸ்ல இது, எஸ்கியூஎல் சர்வர்ல ட்ரஸ்ட் சர்வர் சர்ட்டிஃபிகேட் ட்ரூ, ரெண்டும் ஒரே வேலைதான், எந்த சர்ட்டிஃபிகேட் வந்தாலும் தலையாட்டிக்கோன்னு சொல்றது. எரர் என்ன சொல்லுதுன்னா, இந்த சர்ட்டிஃபிகேட் குடுத்தவங்களை எனக்குத் தெரியாதுன்னு சொல்லுது. அப்போ தெரியப்படுத்துங்க. க்ளவுட்காரங்க அவங்க சிஏ ஃபைலை டவுன்லோடுக்கு வச்சிருப்பாங்க, அதை எடுத்து டிரைவருக்கு சிஏன்னு குடுத்தா முடிஞ்சுது. உங்க சொந்த சர்வர்னா நீங்க உருவாக்கின சிஏவ குடுங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை, அந்த ஃபைலுக்கும் காலாவதி தேதி உண்டு. அமேசான் ஆர்டிஎஸ்ல 2019ம் வருஷத்து சிஏ 2024 ஆகஸ்ட்ல காலாவதி ஆச்சு, பழைய ஃபைலையே இமேஜுக்குள்ள வச்சு மறந்துட்டவங்க அதுக்கு முன்னாடி ஓடி ஓடி மாத்த வேண்டியதாயிடுச்சு. காலண்டர்ல குறிச்சு வச்சுக்கங்க.

மைஎஸ்கியூஎல் 8க்கு மாறினதும் ஜாவால பப்ளிக் கீ ரிட்ரீவல் நாட் அலவ்டுன்னு வருது. அலவ்னு போட்டுடலாமா?

லேப்டாப்லன்னா போட்டுக்கங்க. 8ல இருந்து பாஸ்வேர்டு சரிபார்க்கற முறை கேச்சிங் ஷா2 ஆயிடுச்சு. டிஎல்எஸ் இல்லாத லைன்ல பாஸ்வேர்டு அனுப்பணும்னா சர்வரோட பப்ளிக் கீயால பூட்டி அனுப்பும், அந்த கீய சர்வர்கிட்டயே கேட்டு வாங்கலாமான்னுதான் இந்த எரர் தயங்குது. நடுவுல இருக்கறவன் தன் கீய குடுத்தா பாஸ்வேர்டு அவன் கையில. டிஎல்எஸ்ஸை ஒழுங்கா போட்டுட்டா இந்த எரரே வராது. வழக்கமா இந்த எரருக்கு எல்லாரும் காப்பி அடிக்கற வரியில யூஸ் எஸ்எஸ்எல் ஃபால்ஸ்னு பக்கத்துலயே இருக்கும், அதையும் சேர்த்து ப்ரொடக்‌ஷன்ல போட்டுட்டாங்கன்னா ரெண்டு கதவும் திறந்தாச்சு.

அப்ளிகேஷனும் டேட்டாபேஸும் ஒரே மெஷின்லதான். எனக்கும் இதெல்லாம் வேணுமா?

டிஎல்எஸ் வேணாம். யூனிக்ஸ் சாக்கெட் வழியா கனெக்ட் பண்ணுங்க, நெட்வொர்க்கே கெடையாது. போஸ்ட்கிரெஸ்ல பியர்னு ஒரு முறை இருக்கு, ஆபரேட்டிங் சிஸ்டம் யூசர் பேரும் டேட்டாபேஸ் யூசர் பேரும் ஒண்ணா இருந்தா பாஸ்வேர்டே கேக்காது. இல்லாத பாஸ்வேர்டு லீக் ஆகாது.

மைஎஸ்கியூஎல்ல ஒரு குழப்பம் வரும், லினக்ஸ்ல லோக்கல்ஹோஸ்ட்னு போட்டா அதோட சொந்த க்ளையன்ட் சாக்கெட்டைத்தான் தேடும், 127.0.0.1னு போட்டாத்தான் டிசிபி வழியா போகும். ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு மண்டை காஞ்சவங்க ஏராளம்.

டேட்டாபேஸ் போர்ட்டை இன்டர்நெட்ல திறந்து வைக்கலாமா? பாஸ்வேர்டுதான் இருக்கே. இல்லன்னா போர்ட் நம்பரை மாத்திடவா?

வேணாம். 5432, 3306, 27017, 6379 இந்த நம்பரெல்லாம் ராத்திரி பகலா ஸ்கேன் பண்ணிக்கிட்டே இருக்காங்க. நம்பரை மாத்தினா லாக்ல சத்தம் குறையும், தேடறவன் எல்லா போர்ட்டையும் தேடினா அதுவும் கெடைச்சுடும். 2017 ஜனவரியில பாஸ்வேர்டே இல்லாம திறந்து கெடந்த மோங்கோடிபி டேட்டாபேஸுங்க ஆயிரக்கணக்குல அழிக்கப்பட்டுச்சு, உள்ள இருந்ததை எல்லாம் தூக்கிட்டு, பிட்காயின் அனுப்பினா திருப்பித் தரேன்னு ஒரு குறிப்பை மட்டும் விட்டுட்டுப் போனானுங்க. அதே வருஷம் கடைசியில வந்த 3.6ல இருந்துதான் அது சும்மா இன்ஸ்டால் பண்ணினா லோக்கல்ஹோஸ்ட்ல மட்டும் கேக்கற மாதிரி ஆச்சு.

பண்ண வேண்டியது, டேட்டாபேஸ் ப்ரைவேட் நெட்வொர்க் ஐபியில மட்டும் கேக்கணும், ஃபயர்வால்ல அப்ளிகேஷன் சர்வரோட ஐபிக்கு மட்டும் வழி விடணும். போஸ்ட்கிரெஸ்ல லிசன் அட்ரஸஸ், மைஎஸ்கியூஎல்ல பைண்ட் அட்ரஸ். யாராவது ட்யூட்டோரியல்ல ஸ்டார் போடு, 0.0.0.0 போடுன்னு சொன்னா அங்கயே நிறுத்தி ஒரு தடவை யோசிங்க.

டாக்கர்காரங்களுக்கு தனியா ஒண்ணு. 5432:5432 அப்படின்னு போர்ட்டை வெளிய விட்டா அது எல்லா இன்டர்ஃபேஸ்லயும் திறக்கும், அதோட டாக்கர் ஐபிடேபிள்ஸ்ல நேரா தன்னோட விதிங்களை எழுதிக்கும், நீங்க யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால்ல டினை போட்டிருந்தாலும் அதைத் தாண்டிப் போயிடும். ஃபயர்வால் ஸ்டேட்டஸ்ல மூடியிருக்குன்னு பச்சையா காட்டும், வெளிய இருந்து தட்டினா கதவு திறக்கும். 127.0.0.1:5432:5432னு போடுங்க. அப்ளிகேஷனும் கன்டெய்னர்தான்னா போர்ட்டை வெளிய விடவே வேணாம், ஒரே டாக்கர் நெட்வொர்க்ல போட்டா பேரை வச்சே பேசிக்கும்.

அப்போ நான் என் லேப்டாப்ல இருந்து எப்படி டேட்டாபேஸை பாக்கறது?

எஸ்எஸ்ஹெச் டனல். உங்க லேப்டாப்ல 5433ஐ திறந்து, சர்வர் வழியா டேட்டாபேஸோட 5432க்கு கொண்டு போங்க. விபிஎன் இருந்தா அது இன்னும் நல்லது. டனல்ல ஒரு இடறல் உண்டு, நீங்க கனெக்ட் பண்றது லோக்கல்ஹோஸ்டுக்கு, சர்ட்டிஃபிகேட்ல இருக்கறது டேட்டாபேஸ் பேரு, அதனால வெரிஃபை-ஃபுல் ஒத்துக்காது. போஸ்ட்கிரெஸ்ல ஹோஸ்ட்ல நெஜப் பேரும் ஹோஸ்ட்அட்ரல 127.0.0.1ம் தனித்தனியா குடுக்கலாம், பேரை வச்சு சரிபார்க்கும், அட்ரஸை வச்சு கனெக்ட் ஆகும்.

பிஜி ஹெச்பிஏ ஃபைல்ல ட்ரஸ்ட்னு ஒரு வரி இருக்கு, அது என்ன?

பிஜி ஹெச்பிஏங்கறது யாரை எப்படி உள்ள விடறதுன்னு போஸ்ட்கிரெஸ் பாக்கற ஃபைல். ட்ரஸ்ட்னா பாஸ்வேர்டே கேக்காம உள்ள விடுன்னு அர்த்தம். பாஸ்வேர்டு மறந்துட்டப்போ யாரோ தற்காலிகமா போட்டது அப்படியே கெடக்கும். அந்த ஃபைல் மேல இருந்து கீழ படிக்கும், மொதல்ல பொருந்தற வரியோட நின்னுடும், கீழ எவ்வளவு கண்டிப்பா எழுதியிருந்தாலும் மேல ஒரு ட்ரஸ்ட் பொருந்தினா கதை முடிஞ்சுது. வெளிய இருந்து வர்றதுக்கெல்லாம் ஹோஸ்ட்எஸ்எஸ்எல்னு ஆரம்பிச்சு ஸ்க்ராம்-ஷா-256னு (பாஸ்வேர்டு சரிபார்க்கற முறை) முடிங்க, வெறும் ஹோஸ்ட்னு போட்டா என்க்ரிப்ட் ஆகாத கனெக்‌ஷனும் வரும். எம்டி5ங்கற பழைய முறை இன்னும் இருந்தா மாத்துங்க, ஸ்க்ராம் 2017ல வெர்ஷன் 10ல வந்துடுச்சு, 14ல இருந்து அதுதான் டிஃபால்ட். மாத்தினப்புறம் பழைய பாஸ்வேர்டை ஒரு தடவை மறுபடி செட் பண்ணணும், இல்லன்னா உள்ள எம்டி5 வடிவத்துலயே இருக்கும், லாகின் ஆகாது.

பூல் அளவுக்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்?

கொஞ்சம் இருக்கு. பூல்ங்கறது அப்ளிகேஷன் திரும்பத் திரும்ப பயன்படுத்த திறந்தே வச்சுக்கற கனெக்‌ஷன் கூட்டம். போஸ்ட்கிரெஸ்ல டிஃபால்ட்டா 100 கனெக்‌ஷன், மைஎஸ்கியூஎல்ல 151. நாலு சர்வர், ஒவ்வொண்ணுலயும் 30 பூல் வச்சா 120 ஆச்சு, ட்ராஃபிக் ஏறும்போது நீங்களே உங்களை வெளிய தள்ளிடுவீங்க. யூசருக்கு கனெக்‌ஷன் லிமிட் போடுங்க, ரிப்போர்ட் யூசருக்கு 5, அப்ளிகேஷனுக்கு 60 இப்படி, ஒருத்தன் எல்லாத்தையும் பிடிச்சுக்க முடியாது. ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டும் யூசர் அளவுல போடுங்க, போஸ்ட்கிரெஸ்ல டிஃபால்ட் 0, அதாவது ஒரு க்வெரி விடிய விடிய ஓடலாம்.

பாஸ்வேர்டை மாத்தணும், சைட் நிக்கக் கூடாது. எப்படி?

இதுல நானே பட்டிருக்கேன். ராத்திரி பதினோரு மணிக்கு டேட்டாபேஸ்ல பாஸ்வேர்டை மாத்தினேன், சீக்ரெட் ஃபைல்லயும் மாத்தினேன், சைட்டை திறந்து பாத்தேன், எல்லாம் ஜோரா ஓடுது, ரீஸ்டார்ட் பண்ணணும்னு தோணவே இல்ல, லேப்டாப்பை மூடிட்டேன். அரை மணி நேரம் கழிச்சு ஃபோன் அடிக்குது, சைட் படுத்துடுச்சு.

என்ன நடந்துச்சுன்னா, பாஸ்வேர்டை லாகின் ஆகும்போது மட்டும்தான் டேட்டாபேஸ் பாக்கும், ஏற்கனவே உள்ள உக்காந்திருக்கற கனெக்‌ஷனை ஒண்ணும் பண்ணாது. நாங்க வச்சிருந்த ஹிக்காரி பூல்ல ஒரு கனெக்‌ஷனோட ஆயுசு டிஃபால்ட்டா 30 நிமிஷம். அது வரைக்கும் பழைய கனெக்‌ஷனுங்க ஓட்டிச்சு, ஒவ்வொண்ணா செத்து புதுசா கனெக்ட் பண்ணப் போனப்போ அப்ளிகேஷன் மெமரியில இருந்த பழைய பாஸ்வேர்டைக் குடுத்துச்சு. இதே காரணத்தால லீக் ஆன பாஸ்வேர்டை மாத்தினா மட்டும் போதாது, திருடனோட கனெக்‌ஷன் ஏற்கனவே உள்ள இருந்தா அது ஜம்முன்னு உக்காந்திருக்கும், பழைய செஷனையெல்லாம் கில் பண்ணணும்.

நிக்காம மாத்த, மைஎஸ்கியூஎல் 8.0.14ல இருந்து ரீட்டெய்ன் கரண்ட் பாஸ்வேர்டுன்னு சொல்லி ரெண்டு பாஸ்வேர்டும் கொஞ்ச நாள் செல்லற மாதிரி வைக்கலாம், எல்லா சர்வரும் புதுசுக்கு மாறினதும் பழசை டிஸ்கார்டு பண்ணிடலாம். போஸ்ட்கிரெஸ்ல நான் ரெண்டு லாகின் யூசர் வச்சுக்குவேன், ஏ, பி. உரிமை எல்லாம் ஒரு குரூப் ரோலுக்கு, ரெண்டு பேரும் அதுல உறுப்பினர். இப்போ ஏ ஓடுதுன்னா பியோட பாஸ்வேர்டை மாத்தி, சர்வர் ஒவ்வொண்ணா பிக்கு நகர்த்தி, எல்லாம் வந்ததும் ஏவ லாகின் முடியாத மாதிரி பண்ணிடுவேன். அடுத்த தடவை இதுவே திருப்பி. பாஸ்வேர்டு மாத்தும்போது ஆல்டர் யூசர் வரியில நேரா டைப் பண்ணாதீங்க, சர்வர் லாகுக்கும் உங்க ஹிஸ்டரி ஃபைலுக்கும் போயிட வாய்ப்பிருக்கு, பிஎஸ்க்யூஎல்ல பேக்ஸ்லாஷ் பாஸ்வேர்டுன்னு கமாண்ட் இருக்கு, அது கேட்டு வாங்கி ஹேஷ் பண்ணித்தான் அனுப்பும்.

எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் இதுல வருமா?

கனெக்‌ஷன் செட்டிங் அதைத் (யூசர் டைப் பண்றதுக்குள்ள எஸ்கியூஎல் கட்டளைய ஒளிச்சு அனுப்பறதை) தடுக்காது, பேராமீட்டர் வச்ச க்வெரிதான் தடுக்கும். ஆனா இன்ஜெக்‌ஷன் நடந்துட்டா எவ்வளவு சேதம்னு முடிவு பண்றது நீங்க குடுத்த யூசர் உரிமைதான். பேராமீட்டர்ல டேபிள் பேரு, சார்ட் பண்ற காலம் பேரு எல்லாம் போட முடியாது, அங்க நீங்களே ஒரு லிஸ்ட் வச்சு அதுல இருந்தா மட்டும் விடுங்க.

லாக்ல, எரர் பேஜ்ல என்ன பாக்கணும்?

டீபக் மோடை ப்ரொடக்‌ஷன்ல அணைங்க. கனெக்‌ஷன் ஃபெயில் ஆகும்போது சில டிரைவர் முழு ஸ்ட்ரிங்கையும் எரர்ல கக்கும், அது அப்படியே யூசரோட ஸ்க்ரீனுக்குப் போன கதையெல்லாம் உண்டு. வேணும்னே தப்பான ஹோஸ்ட் குடுத்து ஸ்டார்ட் பண்ணி, லாக்ல பாஸ்வேர்டை தேடிப் பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை.

ஸ்டேஜிங்குக்கு (சோதனை சர்வருக்கு) ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸையே காட்டலாமா?

கூடாது. காப்பி எடுத்துப் போட்டாலும் பேரு, மெயில், ஃபோன் நம்பரை கலைச்சுட்டுப் போடுங்க. டம்ப் ஃபைல் இன்னொரு டேட்டாபேஸ்தான், பாஸ்வேர்டு இல்லாத டேட்டாபேஸ், அதை டெம்ப் ஃபோல்டர்ல போட்டுட்டு மறந்துடாதீங்க.

எல்லாம் பண்ணிட்டேன். சரியா இருக்கான்னு எப்படி பாக்கறது?

அப்ளிகேஷன் சர்வர்ல இருந்து, அப்ளிகேஷன் யூசராவே உள்ள போய்ப் பாருங்க, உங்க அட்மின் லாகின்ல பாத்தா எல்லாம் நல்லாத்தான் தெரியும்.

டிஎல்எஸ்க்கு, போஸ்ட்கிரெஸ்ல பிஜி_ஸ்டாட்_எஸ்எஸ்எல்னு ஒரு வியூ இருக்கு, ஒவ்வொரு கனெக்‌ஷனும் என்க்ரிப்ட் ஆகுதா இல்லயான்னு சொல்லும். மைஎஸ்கியூஎல்ல ஷோ ஸ்டேட்டஸ்ல எஸ்எஸ்எல்_சைஃபர் பாருங்க, காலியா இருந்தா சாதாரண லைன்ல ஓடுதுன்னு அர்த்தம். சரிபார்ப்பு நடக்குதான்னு தெரிய, ஹோஸ்ட் பேருக்கு பதிலா ஐபிய குடுத்து கனெக்ட் பண்ணுங்க, சர்ட்டிஃபிகேட்ல அந்த ஐபி இல்லாதப்போ அது கண்டிப்பா ஃபெயில் ஆகணும். ஆகாம உள்ள போயிட்டா உங்க வெரிஃபை-ஃபுல் எங்கயோ காத்துல இருக்கு.

உரிமைக்கு, டேபிள் ஒண்ணு உருவாக்கிப் பாருங்க, பர்மிஷன் டினைடு வரணும். ட்ராப் போட்டு டெஸ்ட் பண்ணாதீங்க, உரிமை தப்பா இருந்துச்சுன்னா டேபிள் போயிடும், அப்படி ஒருத்தர் பண்ணி நான் பேக்கப்பை தேடியிருக்கேன்.

போர்ட்டுக்கு, ஆஃபீஸ் நெட்வொர்க்ல இருந்து பாக்காதீங்க, அந்த ஐபிய ஏற்கனவே ஃபயர்வால்ல விட்டு வச்சிருப்பீங்க. ஃபோன் ஹாட்ஸ்பாட்டை ஆன் பண்ணி, லேப்டாப்பை அதுல சேர்த்து, விபிஎன்னை அணைச்சுட்டு சர்வரோட பப்ளிக் ஐபிக்கு 5432ல தட்டிப் பாருங்க. டைம்அவுட் ஆகணும். பாஸ்வேர்டு கேட்டுச்சுன்னா போர்ட் பத்தி மேல எழுதினதுக்குத் திரும்பிப் போங்க.